எந்த ஸ்டேஷனில் நின்றது?

ஓசூர் சிப்காட் ஆலைகளில் லைன் நின்றுவிட்டால் எழும் முதல் கேள்வி, “எந்த ஸ்டேஷன்ல நின்னுச்சு?” என்பதுதான். மோட்டார் பழுதா, பாகம் வரவில்லையா, ஆள் இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நின்ற இடம் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை இந்த ஊரிலிருந்து ஓடவிட்ட டிவிஎஸ் மோட்டார், 2002-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. கோளாறைத் துடைத்துவிட்டுப் போகாமல் அதன் வேரைப் பிடிக்க வேண்டும் என்ற பழக்கம், சிறு பட்டறைகள் வரைக்கும் இந்த வட்டாரத்தில் பரவியிருக்கிறது.

ஆனால் அதே ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டுக் கணினி காலையில் பாதி வழியில் அணைந்துபோனால் கதை வேறு. லோகோ வருகிறது, புள்ளிகள் சுழல்கின்றன, திரை இருள்கிறது, மறுபடி லோகோ. தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். “விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாம்” என்கிறார் கடைக்காரர். மாலையில் கணினி ஓடுகிறது. பிள்ளையின் பிறந்தநாள் படங்களும் மனைவியின் சீட்டுக் கணக்கும் போய்விட்டன. இரண்டு வாரம் கழித்து அதே கோளாறு திரும்பி வருகிறது. ஏனென்றால் பழுது விண்டோஸில் இல்லை, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருந்தது.

ஆலையில் கேட்கும் கேள்வியை வீட்டிலும் கேட்க முடியும். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் படம் வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே

மேசைக் கணினியின் பட்டன், வீட்டு விளக்கின் சுவிட்ச்போல மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிடுவதில்லை. மதர்போர்டு வழியாக எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு சிறு சைகையை மட்டும் அனுப்புகிறது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையிலிருந்து இதுதான் வழக்கம். சைகை கிடைத்ததும் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் என மூன்று முக்கிய மின்னழுத்தங்களை எழுப்புகிறது. மூன்றும் நிலைக்கு வந்துவிட்டனவா என்று தானே பார்த்துக்கொண்டு, அரை வினாடிக்குள் “மின்சாரம் சரி” என்ற தகவலை ஒரு தனிக் கம்பி வழியாக அனுப்புகிறது. அந்தத் தகவல் வரும்வரை பிராசஸர் அசையாது. 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது விதி.

பிறகு பிராசஸர் விழிக்கிறது. அந்த நொடியில் அதற்கு ராம், டிஸ்க், திரை எதுவுமே தெரியாது. இன்றைய கணினிகளில் உள்ள, இன்டெல் வழி வந்த பிராசஸர்கள் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள ஒரே முகவரியிலிருந்து முதல் கட்டளையைப் படிக்கும்படி செய்யப்பட்டவை. அங்கே காத்திருப்பது மதர்போர்டில் உள்ள சிறிய சிப்பில் பதிந்த நிரல். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், இப்போது யூஇஎஃப்ஐ. அது ராமை அளந்து பழக்குகிறது, கிராஃபிக்ஸைத் தட்டி எழுப்புகிறது, கீபோர்டையும் டிஸ்க்கையும் தேடுகிறது. டிஸ்க்கில் ஒரு சிறு பகுதியில் இருக்கும் பூட் லோடரிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. பூட் லோடர் இயங்குதளத்தின் மையமான கெர்னலை ராமில் ஏற்றுகிறது. கெர்னல் டிரைவர்களை ஏற்றுகிறது. அதன்பின் லாகின் திரை. கடைசியாக, தானாகத் தொடங்கும் நிரல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.

இந்த வரிசையில் எந்த ஸ்டேஷனும் தன் முந்தைய ஸ்டேஷன் வேலையை முடிக்காமல் தொடங்க முடியாது. நோயறிதலுக்கு அதுவே பெரிய உதவி. ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் ராமைக் குறை சொல்ல வழியில்லை. மின்சாரம், பட்டன், எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும். ஃபேன் சுற்றுகிறது, “டிஸ்ப்ளே வரல” என்றால் ராம், கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டு. லோகோ வந்து “பூட் டிவைஸ் கிடைக்கவில்லை” என்ற வாசகம் வந்தால் டிஸ்க், அதன் கேபிள், அல்லது பயாஸ் அமைப்பு. புள்ளிகள் சுழன்ற பிறகு பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்தால், பழுது பெரும்பாலும் கெர்னலுக்கும் டிரைவருக்கும் அருகில். டெஸ்க்டாப் வந்து அரை நிமிடத்தில் உறைந்தால், தானாகத் தொடங்கும் நிரல்களைச் சந்தேகிக்கலாம்.

ஆரம்ப ஸ்டேஷன்களில் திரை கிடையாது. அதனால்தான் பீப் ஒலிகள் வந்தன. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே, எந்தச் சோதனை தோற்றது என்பதைக் கணினி ஒலியால் சொல்கிறது. எத்தனை பீப், நீளமா குட்டையா என்பதன் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மதர்போர்டுடன் வந்த கையேட்டில் அட்டவணை இருக்கும். சமீப ஆண்டுகளில் வந்த பல மதர்போர்டுகளில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன: பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ், பூட். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அதுதான் நின்ற ஸ்டேஷன்.

ஒரே இடமா, வெவ்வேறு இடமா?

முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவது கேள்வி வருகிறது: ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறதா?

நிரல் என்பது அதே கட்டளைகளை அதே வரிசையில் செய்வது. ஒரு டிரைவர் கெட்டிருந்தால், ஒரு ஃபைல் சிதைந்திருந்தால், பத்து முறை போட்டாலும் பத்து முறையும் ஏறக்குறைய அதே நொடியில், அதே பிழைச் சொல்லோடு நிற்கும். ஒருமுறை லோகோவில், ஒருமுறை லாகினில், ஒருமுறை டெஸ்க்டாப் வந்து ஐந்து நிமிடம் கழித்து என்று இடம் மாறினால், நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வந்தால், சந்தேகம் பௌதிகத்தின் பக்கம் திரும்ப வேண்டும்: மின்சாரம், வெப்பம், ராம். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே வீணான ஃபார்மட் பல தவிர்க்கப்படும்.

கவனிக்க ஒரு நோட்டும் கைபேசிக் கேமராவும் போதும். நீலத்திரை சில வினாடிகளில் மறைந்துவிடும். படம் எடுத்துக்கொண்டால் அதிலுள்ள பிழைப் பெயரை நிதானமாகத் தேடலாம். காலையா மாலையா, மின்வெட்டுக்குப் பிறகா, புதுப் பிரிண்டர் போட்ட மறுநாளா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். கடைக்குக் கொண்டுபோனாலும் இந்தக் குறிப்பு கடைக்காரருக்கு ஒரு மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

வோல்டேஜ், குளிர், தூசு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின்சாரத்தை முதலில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. லேத் பட்டறைகளும் வீடுகளும் அடுத்தடுத்து நிற்கும் தெருக்கள் இங்கே அதிகம். கிராமப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள். இண்டக்ஷன் மோட்டார் ஒன்று தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் அதே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள வீடுகளில் விளக்கு லேசாக மங்கித் தெளிகிறது.

அந்த மங்கலைக் கணினி எப்படித் தாங்குகிறது? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. வரவு நின்றாலும், முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி வினாடி வரை வெளியீட்டை அது தாங்கிப் பிடிக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழு அலைக்கே 20 மில்லி வினாடி ஆகும். ஓர் அலை முழுதாக விடுபட்டாலே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கடினம் என்று பொருள். கெபாசிட்டருக்கு வயதாக ஆக இந்தத் தாங்கும் நேரம் குறையும். “யுபிஎஸ் இருந்தும் கரன்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுது” என்ற புகாருக்கும் விளக்கம் இதில் இருக்கிறது. வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. புது எஸ்எம்பிஎஸ் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். தளர்ந்த எஸ்எம்பிஎஸ் அதற்குள் கைவிட்டுவிடும். யுபிஎஸ்ஸை மாற்றுவதால் பயன் இருக்காது.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலை சில்லென்றிருக்கும். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் இருப்பது திரவம். வயதானால் அது வற்றுகிறது, குளிர்ந்தால் அதன் உள்தடை கூடுகிறது. இரண்டும் சேரும் காலையில் மின்னழுத்தம் நிலைக்கு வர மறுக்கும். நான்கைந்து முறை பட்டனை அழுத்தியதும் கெபாசிட்டர் சூடேறி, கணினி ஒன்றும் நடக்காததுபோல நாள் முழுக்க ஓடும். இந்த அறிகுறியைக் கண்டால் விண்டோஸைத் தொடவே வேண்டாம்.

கெட்ட கெபாசிட்டர் உலகத்தையே ஒருமுறை ஆட்டிப்படைத்திருக்கிறது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், எலெக்ட்ரோலைட் கலவை தரமற்ற கெபாசிட்டர்கள் பல நிறுவனங்களின் மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. மேல்மூடி உப்பியது, பழுப்புக் கசிவு வந்தது, கணினிகள் தொடங்க மறுத்தன. டெல் நிறுவனம் 2005-இல் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய மட்டும் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. இன்றும் பழைய மதர்போர்டைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டரின் தலையைத்தான். தட்டையாக இருந்தால் நலம், உப்பியிருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது தூசு. கிரானைட் அறுக்கும், மெருகேற்றும் தொழில் இந்த மாவட்டத்தின் அடையாளங்களில் ஒன்று. அந்த நுண்தூசு பிராசஸரின் ஹீட்சிங்க் இடுக்குகளில் படிந்தால் காற்று நுழைய முடியாது. வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தையே துண்டிக்கிறது. போட்ட சில நிமிடத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பொசுக்கென்று அணையும் கணினியில் ஹீட்சிங்க் தளர்ந்திருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, இடையில் பூசும் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

கேபினெட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கையால் முதலில் வெறும் உலோகத்தைத் தொட வேண்டும். வறண்ட மாதங்களில் உடலில் சேரும் நிலைமின்சாரம் ராம் சிப்பைக் கொல்லப் போதுமானது. மின்னணு ஆலைகளில் மணிக்கட்டில் பட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்வது அதற்காகத்தான். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இன்னொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே பாதுகாப்பான சோதனை.

ராமும் ஒரு சின்ன பேட்டரியும்

ராமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுவது நம் ஊர் சர்வீஸ் கடைகளின் பழைய கைமுறை. ஸ்லாட்டில் சேர்ந்த அழுக்கும் தளர்ந்த தொடர்பும் நீங்கினாலே பல கணினிகள் எழுந்துவிடும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு மற்றதை. சந்தேகம் தீரவில்லை என்றால் 1990-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மெம்டெஸ்ட்86 நிரலைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடலாம். அது ராமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, படித்து, ஒப்பிடுகிறது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பக் கூடாது. நூறு கோடிக்கணக்கான பிட்டுகளில் ஒன்று தடுமாறினாலே கெர்னல் தவறான முகவரிக்குப் போய் விழும்.

மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கிறது: சிஆர்2032, 3 வோல்ட். கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பல கணினிகளில் பயாஸ் அமைப்புகளையும் அதுவே காக்கிறது. பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகும். எல்லோரும் கவனிப்பது அதை மட்டும். கூடவே டிஸ்க்கோடு பேசும் முறையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடக்கூடும். விண்டோஸ் ஒரு முறைக்கான டிரைவரோடு காத்திருக்கும், டிஸ்க் வேறு முறையில் பேசும். “இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்” என்ற நீலத்திரை வரும். டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு எல்லா அறிகுறியும் இருக்கும். சில பத்து ரூபாய் பேட்டரியை மாற்றி, பயாஸில் அந்த ஓர் அமைப்பைப் பழையபடி வைத்தால் எல்லாம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

டிஸ்க் உண்மையிலேயே தடுமாறினாலும் தகவல் போய்விட்டது என்று பொருள் இல்லை. 2008-09-இல் சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் பல, மின்சாரம் கொடுத்ததும் உறைந்துபோய் பயாஸின் கண்ணுக்கே தெரியாமல் போயின. பிழை டிஸ்க்கின் உள்நிரலில் இருந்தது. தட்டுகளில் எழுதியிருந்த தகவல் சேதமில்லாமல் அப்படியே இருந்தது.

85 லட்சம் கணினிகள் ஒரே காலையில்

மென்பொருளால் வரும் தொடக்கக் கோளாறுக்கு 2024 ஜூலை 19-ஐவிடப் பெரிய பாடம் கிடையாது. அன்று வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39-க்கு அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக், தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. மறுபடி தொடங்கின, மறுபடி விழுந்தன. பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் செக்-இன் தடுமாறியது; பயணிகள் சிலருக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம் சிறியது. நிரல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கிடைத்தவை 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் கை வைத்தது. சாதாரண நிரல் இப்படிச் செய்தால் அது மட்டும் மூடப்படும். இதுவோ கெர்னலுக்குள் ஓடும் டிரைவர். கெர்னலுக்குள் ஒன்று தடம் புரண்டால், நினைவகத்தில் உள்ள எதையும் இனி நம்ப முடியாது. தவறான தகவலை டிஸ்க்கில் எழுதிக் கெடுப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று விண்டோஸ் தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரை ஒரு காப்பு நடவடிக்கை. அந்த டிரைவர் தொடக்கத்திலேயே ஏறுவது என்பதால், திருத்தத்தை இணையம் வழியாகப் பெறும் கட்டத்துக்குப் பெரும்பாலான கணினிகள் போய்ச் சேரவே இல்லை.

தீர்வு என்னவாக இருந்தது? சேஃப் மோடில் தொடங்கி, 291 என்ற எண் கொண்ட அந்த ஃபைலை அழிப்பது. அவ்வளவுதான். பல்லாயிரம் ஊழியர்கள் கணினி கணினியாகப் போய்க் கையால் செய்தார்கள். ஃபார்மட் தேவைப்படவில்லை.

வீட்டுக் கணினிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் பிராசஸர் குறைபாடுகளை அடைக்க மைக்ரோசாஃப்ட் அனுப்பிய விண்டோஸ் புதுப்பிப்பு, ஏஎம்டியின் பழைய பிராசஸர்கள் சிலவற்றில் கணினியைத் தொடங்கவிடாமல் செய்தது. அத்தகைய கணினிகளுக்கு அந்தப் புதுப்பிப்பை நிறுவனம் நிறுத்திவைத்தது. பழைய கணினியைக் குறை சொல்லிவிட்டுப் புதிது வாங்கியிருந்தால் அது வீண் செலவு.

சேஃப் மோடில் விண்டோஸ் மிகக் குறைந்த டிரைவர்களை மட்டும் ஏற்றுகிறது. தொடக்கம் சில முறை அடுத்தடுத்துத் தோற்றால் பழுதுநீக்கத் திரையைத் தானே காட்டும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். அதில் கணினி நிம்மதியாக ஓடினால் குற்றவாளி ஒரு டிரைவரோ கூடுதல் நிரலோதான். கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கலாம், சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் முந்தைய தேதிக்குப் போகலாம். தானாகத் தொடங்கும் நிரல்கள் 16 இருந்தால் எட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். கோளாறு தீர்ந்தால் அது அந்த எட்டில். தீராவிட்டால் மற்ற எட்டில். பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. நான்கு சோதனையில் ஆள் அகப்படுவார். ஒரு சோதனைக்கு ஒரு வகை மாற்றம் மட்டும் என்பது கட்டாயம். இரண்டு வகை மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால், எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

ஃபார்மட்டுக்கு முன்

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் 50 லட்சத்துக்கும் மேல். தொடக்க ஆண்டுகளில் தந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான இந்திய இயங்குதளம் அது. அந்த மாணவர்களில் பலருக்கு அது ஒரு நல்ல சோதனைக் கருவியாகவும் இருந்திருக்கும்: விண்டோஸ் விழுந்து, பாஸ் எழுந்தால், ராமும் பிராசஸரும் நலம், பழுது விண்டோஸ் பக்கம்.

அதே சோதனையை எந்தக் கணினியிலும் செய்யலாம். பாஸ், உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே அதிலிருந்து தொடங்கலாம். அதுவும் விழுந்தால் வன்பொருள் பழுது, ஃபார்மட் செய்து பயனில்லை. அது ஓடினால் டிஸ்க்கைத் திறந்து படங்களையும் கணக்குகளையும் வெளியே எடுத்துவிடலாம். டிஸ்க்கில் கடகட சத்தம் கேட்டால், டிஸ்க் தன்னைப்பற்றிச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டார்கள் கூடிக்கொண்டே போனால், ரிப்பேர் நிரல் எதையும் ஓடவிடக் கூடாது. முதலில் நகல், பிறகுதான் மருத்துவம். ரிப்பேர் நிரல் டிஸ்க்கை முழுக்கத் துழாவும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி அடியாகிவிடலாம்.

புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. மீட்புச் சாவியான 48 இலக்க எண் இல்லாமல் பெரும்பாலும் சேஃப் மோடுக்கும் போக முடியாது, லினக்ஸில் திறந்து படங்களை எடுக்கவும் முடியாது. 2024 ஜூலையில் பல அலுவலகங்களில் சீரமைப்பு இழுத்துக்கொண்டே போனதற்கு இந்தச் சாவி கையில் இல்லாததும் ஒரு காரணம்.

ஆகவே கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த வாரத்திலேயே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். குடும்பப் படங்களையும் முக்கிய ஆவணங்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு கடையில் யாராவது ஃபார்மட் என்று சொன்னால், “எந்த இடத்துல நிக்குதுன்னு பார்த்தீங்களா? எஸ்எம்பிஎஸ் மாத்திப் பார்த்தீங்களா? ராம் டெஸ்ட் பண்ணீங்களா?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை ஃபார்மட்டுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.